பல் கழற்றினால் பிள்ளைக்குப் பால் நிறுத்த வேண்டுமா?

கேள்வி: விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன் டொக்டர். எனக்கு 26 வயது. முதல் பிள்ளை, நாலு மாதம் முடிந்துவிட்டது, தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். கீழே வலது பக்கம் கடைசிப் பல்லடியில் முரசு வீங்கி, வாய் திறக்க முடியாமல் போய்விட்டது. இது இரண்டாம் தடவை. முதல் தடவை பிள்ளைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது வந்தது. பார்மசியில் குளிசை வாங்கிப் போட்டேன். வீக்கம் வற்றியதும், பாலில் போகும் என்ற பயத்தில் மிச்சத்தைப் போடவில்லை. இந்த முறை ஆஸ்பத்திரியில் முழுத்தாடைப் படம் எடுத்துப் பார்த்து, ஞானப்பல் சரிந்து முளைக்கிறது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். விறைப்பூசி போட்டால் மூன்று நாளைக்குப் பால் கொடுக்கக் கூடாது, பால்மாப் பேணி ஒன்று வாங்கி வை என்கிறா மாமி. பிள்ளை பால் மறந்த பிறகு பார்க்கலாம், அதுவரைக்கும் கராம்பு எண்ணெய் வைத்துச் சமாளி என்கிறா அம்மா. இவர் நெல் வெட்டு மிஷினோடு வவுனியாப் பக்கம் நிற்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்க? இடது பக்கப் பல்லும் இப்படித்தான் சரிந்து கிடக்கிறதாம். அதையும் சேர்த்து எடுத்துவிடலாமா?

பதில்: தங்கச்சி, மூன்று நாள் வேண்டாம், மூன்று மணித்தியாலம்கூட நிறுத்த வேண்டாம். விறைப்பூசி போட்டுப் பல்லை எடுத்து, பஞ்சைக் கடித்தபடி வெளியே வருகிறீர்கள், வாங்கில் மாமியின் மடியில் பிள்ளை அழுகிறது என்றால், அங்கேயே இருந்து பால் கொடுக்கலாம். உங்கள் உதடு அப்போதும் விறைத்துத்தான் இருக்கும். பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பேணிக்கு வைத்திருக்கும் காசை பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் எடுத்து வையுங்கள்.

மாமி சொன்னதற்காக அவவோடு கோபிக்காதீர்கள். ஒரு காலத்தில் வைத்தியர்களே அப்படித்தான் சொன்னார்கள். மருந்து எடுத்தால் பாலைப் பீச்சி ஊற்று, ஒரு நாள் பொறுத்துக் கொடு என்பார்கள். எந்த மருந்து பாலில் எவ்வளவு போகிறது என்று அப்போது அளந்து பார்த்தவர்கள் குறைவு. தெரியாத இடத்தில் எல்லாரும் பயத்தின் பக்கமே சாய்வார்கள்தானே. பிறகு ஒவ்வொரு மருந்தாக அளந்து பார்த்தார்கள். 2020 இல் பிரித்தானியாவின் மயக்க மருந்து வைத்தியர்களின் சங்கம் வெளியிட்ட வழிகாட்டல், சத்திரசிகிச்சைக்குப் பிறகு தாய் வழமைபோலப் பால் கொடுக்கலாம், பாலைப் பீச்சி ஊற்றத் தேவையில்லை என்று நேராகவே சொல்கிறது. அது முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் பெரிய சத்திரசிகிச்சைகளுக்கும் சேர்த்துச் சொன்னது. உங்களுக்குச் செய்யப்போவது கொடுப்புக்குள் ஒரு ஊசி போட்டுச் செய்கிற வேலை.

மாமிக்குச் சொல்ல இதைவிட லேசான கதை ஒன்று இருக்கிறது. சுகப்பிரசவம் என்றால், பிள்ளை பிறந்த கையோடு உங்களுக்குத் தையல் போட்டிருப்பார்கள். தையலுக்கு முன் அந்த இடத்தை விறைக்க வைக்கப் போடுவது லிக்னோகெய்ன். பல்லுக்குப் போடுவதும் அதே லிக்னோகெய்ன்தான். அன்றைக்கு அந்த ஊசி போட்ட சூட்டோடு பிள்ளையை உங்கள் நெஞ்சில் போட்டு, பால் கொடுங்கோ என்று மிட்வைஃப் சொல்லியிருப்பா. பிறந்து ஒரு மணித்தியாலமும் ஆகாத பிள்ளைக்கு ஆகாமல் போகாத மருந்து, நாலு மாதப் பிள்ளைக்கு எப்படி ஆகாமல் போகும்?

கணக்காகவும் சொல்கிறேன். பல் வைத்தியர் போடும் ஒரு குப்பி 2.2 மில்லிலீற்றர், அதில் 44 மில்லிகிராம் லிக்னோகெய்ன் இருக்கும். ஞானப்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு குப்பி, சிலவேளை மூன்று. அது தாடையில் தங்கி, மெல்ல இரத்தத்துக்குப் போய், ஈரலில் உடைந்து, அதிலும் ஒரு சொட்டுத்தான் பாலுக்கு வரும். நாள் முழுக்கப் பிள்ளை குடிக்கும் பாலை ஒன்று சேர்த்தாலும் ஒரு மில்லிகிராம் தேறாது. அதிலும் வாயால் போகிற லிக்னோகெய்னைக் குடல் சரியாக உறிஞ்சாது. இரத்தம் அதிகம் வராமலிருக்க ஊசியில் கலந்திருக்கும் அட்ரினலின் பிள்ளையின் வயிற்றிலேயே அழிந்துபோகும். எக்ஸ்ரே கதிர் பாலில் தங்குவதில்லை, ஆகவே ஏற்கனவே எடுத்த படத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டாம்.

சரி, இனி அம்மாவின் யோசனைக்கு வருவோம். பயந்த தாய்மார் எல்லாருக்கும் பிடித்த யோசனை இதுதான். எனக்கு மாமியின் யோசனையைவிட இதில்தான் கவலை அதிகம்.

ஞானப்பல் பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்க வெளிக்கிடும். தாடையில் இடம் போதாவிட்டால் தனக்கு முன்னால் நிற்கும் பல்லில் முட்டிச் சரிந்து, பாதி வெளியேயும் பாதி முரசுக்குள்ளேயுமாக நின்றுவிடும். வெளியே தெரிகிற பாதியின் மேல் முரசு ஒரு மடல்போல மூடிக் கிடக்கும். அந்த மடலுக்கு அடியில் சோற்றுப் பருக்கையும் இறைச்சி நாரும் போய் இருந்துவிட்டால் எந்தப் பிரஷ்ஷும் அங்கே எட்டாது. கிருமி பெருகும், மடல் வீங்கும். வீங்கிய மடலை மேல்பல் ஒவ்வொரு தரமும் கடிக்கும், அது இன்னும் வீங்கும். பக்கத்திலேயே வாயைத் திறந்து மூடும் தசை இருப்பதால் அதுவும் இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

பிள்ளை பிறந்த பிறகு ஏன் வந்தது என்று எழுதாவிட்டாலும் மனதுக்குள் கேட்டிருப்பீர்கள். கர்ப்ப காலத்தில் முரசு கிருமிக்குச் சட்டென்று வீங்கும் தன்மை உடையது. பிறகு பச்சைப்பிள்ளைக்காரிக்கு இரவில் பல் தீட்ட எங்கே நேரம்? காரணம் அவ்வளவுதான். பிள்ளை பாலோடு பல்லின் கல்சியத்தையும் உறிஞ்சிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள், அதில் உண்மை இல்லை. பாலுக்குத் தேவைப்படும் கல்சியத்தை உடம்பு சாப்பாட்டிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும், எலும்பில் குறைந்தது பால் மறந்த பிறகு திரும்பச் சேரும். பல்லிலிருந்து எடுக்க உடம்புக்கு வழியே இல்லை. கிளினிக்கில் தந்த கல்சியம் குளிசையை அதற்காக விட்டுவிடாதீர்கள்.

முதல் தடவை வீங்கியபோதே பல்லை எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மடலுக்கு அடியில் கழுவி, கிருமி அடங்கி, பிறகு வராமலே போனவர்களும் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது: கடுமையாக இல்லாத முதல் தடவைக்குப் பொறுத்துப் பார், இரண்டாம் தடவை வந்தால் எடுப்பதைப் பற்றி யோசி. உங்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குள் இரண்டாம் தடவை வந்துவிட்டது, பல்லும் சரிந்து கிடக்கிறது. அப்படியான பல் இன்னொரு தடவை வீங்காது என்று யாரும் உறுதி தர முடியாது. குளிசையை இடையில் நிறுத்தியதால்தான் திரும்ப வந்தது என்று உங்களை நீங்களே குற்றம் சொல்ல வேண்டாம். மடலும் பல்லும் அங்கேயே இருக்கும்வரை முழுக் குளிசை போட்டவர்களுக்கும் திரும்ப வரும்.

பிள்ளைக்கு இரண்டு வயதுவரைக்கும், அதற்கு மேலும் பால் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. அம்மா சொல்கிறபடி பால் மறக்கும்வரை பார்த்திருந்தால் ஒன்றரை வருடம் ஓடிவிடும். அதற்குள் எத்தனை தரம் வீங்குமோ, அத்தனை தரமும் குளிசை. இடுக்கில் சாப்பாடு தங்கித் தங்கி முன்னால் நிற்கும் நல்ல பல்லும் சூத்தையாகும். ஒரு நாள் வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினால் வார்ட்டில் படுத்துச் சேலைன் ஏற்ற வேண்டி வரும். பிள்ளையையும் உங்களையும் பிரிக்கக் கூடியது அந்த நிலைமைதான், அரை மணித்தியால வேலையான இந்தச் சத்திரசிகிச்சை பிரிக்காது.

ஆனால் வீங்கி இருக்கிற இந்தக் கிழமையிலேயே போய் எடுத்துவிடவும் வேண்டாம். சீழும் வீக்கமும் உள்ள இடத்தில் விறைப்பூசி சரியாகப் பிடிக்காது, வாயும் திறக்காது. முதலில் இதை அடக்க வேண்டும். உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போய், மடலுக்கு அடியில் மருந்துத் தண்ணீரால் கழுவிவிடச் சொல்லுங்கள். ஊசி முனையை மழுக்கிய சிறு சிரிஞ்சால் அடிப்பார்கள், ஐந்து நிமிட வேலை. பலருக்குக் குத்து அந்தக் கழுவலிலேயே குறைந்துவிடும். வீட்டில் ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, சாப்பிட்ட ஒவ்வொரு தரமும் அந்தப் பக்கமாக வைத்துக் கொப்பளியுங்கள். நோகிறது என்று அந்தப் பக்கம் பிரஷ் போடாமல் விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் பிரஷ் ஒன்று வாங்கினால் கடைசிவரை எட்டும்.

கராம்பு எண்ணெயை மட்டும் விட்டுவிடுங்கள். பஞ்சில் தோய்த்து இரவு முழுக்கக் கொடுப்புக்குள் வைத்துக்கொண்டு காலையில் வருகிறவர்களின் முரசை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பஞ்சு இருந்த இடம் வெள்ளையாக வெந்து, தொட்டால் தோல் உரியும், கன்னத்தின் உட்பக்கமும் புண். பல்லுக்குத்து ஒன்றோடு வந்திருக்க வேண்டியவர்கள் இரண்டு நோவோடு வந்து நிற்பார்கள். புகையிலைத் துண்டு வைப்பதும் அப்படித்தான், அதோடு நிக்கொட்டின் பாலிலும் போகும்.

இனிக் குளிசைகள். உங்கள் பயமெல்லாம் இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோவுக்கு முதல் மருந்து பரசிற்றமோல். நாலாம் மாதத் தடுப்பூசி போட்டு வந்து காய்ச்சல் என்றால் பிள்ளைக்கே பரசிற்றமோல் பாணி கொடுக்கிறோம். நேராக வாயில் ஊற்றுகிற அந்த அளவோடு பார்த்தால் பாலால் போவது மிகச் சொற்பம். 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். நீங்கள் 50 கிலோவுக்குக் குறைவு என்றால் அளவைக் குறைக்க வேண்டும், வைத்தியரிடம் கேளுங்கள். அது போதாவிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு ஐபுபுரூபன் 400 மில்லிகிராம், நாளைக்கு மூன்று தரம். பல் எடுத்த நோவுக்கும் வீக்கத்துக்கும் இது பரசிற்றமோலைவிட நன்றாகக் கேட்கும், பாலில் போவது மிக மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்தும் எடுக்கலாம். முட்டு வருத்தம், வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம் இருந்தால் ஐபுபுரூபன் வேண்டாம். இன்னொன்று, எங்கள் பகுதியில் மழை தொடங்கினால் டெங்கும் தொடங்கும். உடம்பு முறிவோடு காய்ச்சல் காய்ந்தால், பல்லால் வந்த காய்ச்சல்தானே என்று நினைத்து ஐபுபுரூபனோ டைக்ளோபெனக்கோ போடாதீர்கள், இரத்தம் கசிய வைக்கும். இரத்தப் பரிசோதனை முடியும்வரை பரசிற்றமோல் மட்டும்.

வேண்டாம் என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டிய மருந்து இரண்டு: கோடீனும் ட்ரமடோலும். கோடீன் உடம்பில் மோர்ஃபினாக மாறும். சிலருடைய உடம்பு பிறவியிலேயே அதை வெகு வேகமாக மாற்றும், அப்படியான தாயின் பாலில் மோர்ஃபின் கூடிவிடும். கனடாவில் அப்படி ஒரு பச்சைப்பிள்ளை இறந்தது 2006 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. 2017 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பால் கொடுக்கும் தாய்மார் இந்த இரண்டையும் எடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. தனிக் கோடீன் யாரும் தர மாட்டார்கள். பரசிற்றமோலோடு கலந்த குளிசையாகத்தான் கைக்கு வரும். நல்ல ஸ்ட்ரோங்கான குளிசை தாறன் என்று பார்மசியில் யாராவது சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டையைத் திருப்பிப் பாருங்கள். அஸ்பிரினும் நோவுக்கு எடுக்க வேண்டாம்.

கிருமிக்கு வழமையாகத் தருவது அமொக்சிசிலின். பிள்ளைகளுக்கும் கொடுக்கிற மருந்துதான் இது. உங்கள் பிள்ளைக்கு மலம் கொஞ்சம் இளகிப் போகலாம், நாக்கில் வெள்ளை படியலாம். வெள்ளை படிந்தால் கிளினிக்கில் காட்டுங்கள், அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம். பென்சிலின் உங்களுக்கு ஒவ்வாது என்றால் கதிரையில் ஏறும் முன்பே சொல்லுங்கள். மெட்ரோனிடசோலும் சேர்த்துத் தரலாம். வழமையான அளவில் பால் கொடுத்தபடியே எடுக்கலாம், ஆனால் பாலின் ருசி மாறி ஒரு கசப்பு வரும் என்பார்கள். பிள்ளை ஒரு நேரம் முகத்தைச் சுளித்தால், பால் கெட்டுப்போய்விட்டது என்று மாமி பேணியைத் தேட வெளிக்கிடுவா. அது ருசி மாற்றம் மட்டும்தான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டொக்சிசைக்ளின், டெட்ராசைக்ளின் வகைகளைப் பால் கொடுக்கும் நாட்களில் நாங்கள் பொதுவாகத் தவிர்ப்போம்.

எந்தக் குளிசையானாலும் பால் கொடுத்து முடித்த கையோடு போட்டால், அடுத்த தரம் பிள்ளை குடிக்கும்போது இரத்தத்தில் மருந்து இறங்கியிருக்கும். மனத் திருப்திக்கு அப்படிச் செய்யலாம். பிள்ளை அதற்குள் கேட்டால் கொடுங்கள், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அழ விடாதீர்கள்.

சத்திரசிகிச்சை கதிரையில் எப்படி இருக்கும் என்று சொன்னால் பாதிப் பயம் போய்விடும். முதலில் கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஊசி. குத்தும்போது ஒரு நோ, பிறகு ஐந்து பத்து நிமிடத்தில் கீழ் உதட்டின் பாதியும் நாக்கின் பாதியும் தடித்துப் போன மாதிரி விறைத்துவிடும். முரசைக் கீறி விலக்கி, தேவைப்பட்டால் எலும்பைக் கொஞ்சம் அராவி, பல்லை இரண்டாக வெட்டித் துண்டு துண்டாக எடுப்பார்கள். மிஷின் சத்தம் காதுக்குள் கேட்கும், தண்ணீர் அடிக்கும், தாடையை யாரோ அமத்துகிற மாதிரி இருக்கும். அமத்தல் தெரியலாம், நோ தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். பிறகு இரண்டு மூன்று தையல். எல்லாமாக இருபது நிமிடம் முதல் நாற்பது நிமிடம். கீழ்த்தாடை நரம்பு பல்லின் வேருக்குக் கிட்டப் போவதால் சிலருக்கு உதடோ நாக்கோ சில கிழமைகள் விறைத்திருக்கலாம், நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. படத்தைப் பார்த்து உங்கள் நரம்பு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று அங்கே கேளுங்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. பல் பிடுங்கினால் கண் பார்வை குறையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள்.

பல் மிக ஆழத்தில் கிடந்தால் முழு மயக்கம் கொடுத்துச் செய்வோம் என்று சொல்லக்கூடும். அப்படியானால் சொல்லும் நேரத்திலிருந்து நீங்கள் பட்டினி இருக்க வேண்டும், ஆனால் பிள்ளைக்குத் தியேட்டருக்குப் போகும்வரை பால் கொடுக்கலாம். முழித்து, தெளிவாகப் பேசி, பிள்ளையைக் கையில் தாங்கலாம் என்ற நிலை வந்ததும் திரும்பக் கொடுக்கலாம். அன்றிரவு மட்டும் பிள்ளையை உங்கள் பாயில் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். மருந்து மயக்கத்தில் புரண்டு படுத்தால் உங்களுக்குத் தெரியாது. பிள்ளை மாமியோடு படுக்கட்டும், பாலுக்குத் தூக்கித் தந்து, குடித்ததும் வாங்கிக்கொள்ளட்டும்.

மருந்தைவிட உங்களுக்கு உண்மையில் கஷ்டம் தரப்போவது அந்த நாள். விசுவமடுவிலிருந்து பரந்தன், பரந்தனிலிருந்து ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம், பிறகு கிளினிக்கில் வரிசை. விடிய வெளிக்கிட்டால் வீடு திரும்பப் பின்னேரம் ஆகும். நாலு மாதப் பிள்ளை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பால் கேட்கும். ஆகவே பிள்ளையையும் கொண்டு போங்கள், கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். இவர் வர முடியாவிட்டால் மாமியையே கூட்டிப் போங்கள். ஊசி போட்ட பிறகு நீங்கள் பால் கொடுப்பதை அவவே கண்ணால் காணட்டும். கடிதத்தைக் கொடுக்கும் இடத்திலேயே, கைப்பிள்ளைக்காரி, பால் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். முன்னுக்கு எடுப்பார்கள் என்று வாக்குத் தர என்னால் முடியாது, ஆனால் சொல்லாதவரை யாருக்கும் தெரியாது. முதல் நாளிலேயே எடுத்துவிட மாட்டார்கள், பார்த்துத் திகதி தருவார்கள். திகதி கேட்கும்போது வெட்டு முடிகிற காலமாகப் பார்த்துக் கேட்டால் இவரும் வீட்டில் நிற்பார்.

விறைப்பூசி மட்டும் என்றால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கதிரையில் மயங்கி விழுகிறவர்களில் பெரும்பாலானோர் பயத்தில் சாப்பிடாமல் வந்தவர்கள். காலையில் இடியப்பமும் சொதியுமாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, உள்ளே கூப்பிடும் முன் பிள்ளைக்குப் பால் கொடுத்து, நெஞ்சை இளக்கிக்கொண்டு போங்கள்.

பிள்ளையை வீட்டில் விட்டுப் போக வேண்டி வந்தால், முதல் நாளே கையால் பாலைப் பீச்சி, கொதிக்க வைத்து எடுத்த மூடியுள்ள பாத்திரத்தில் பிரிட்ஜின் உட்பக்கம் வையுங்கள், நாலு நாள் இருக்கும். வெளியே நாலு மணித்தியாலம் இருக்கும் என்று எழுதியிருப்பது 25 பாகை வெப்பத்துக்கு. எங்கள் வன்னி வெயிலுக்கு அந்தக் கணக்குச் சரிவராது, பிரிட்ஜ் இல்லாவிட்டால் பீச்சி வைப்பதை நம்பிப் போகாதீர்கள். சூப்பிப் போத்தலை விட்டுச் சின்னக் கோப்பையால் பருக்கச் சொல்லுங்கள். நீங்களும் அங்கே மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பீச்சிவிட வேண்டும், இல்லாவிட்டால் பால் கட்டி, பல் நோவோடு நெஞ்சு நோவும் சேர்ந்துவிடும். மாமி சொன்னபடி மூன்று நாள் நிறுத்தியிருந்தால் இதுதான் நடந்திருக்கும். பால் கட்டிக் காய்ச்சல் வந்திருக்கும், பாலும் குறைந்திருக்கும், பிள்ளை போத்தலுக்குப் பழகியிருக்கும்.

பல் எடுத்த பிறகு பஞ்சை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் இறுக்கிக் கடித்திருங்கள். அன்றைக்குக் கொப்பளிக்கவோ, அடிக்கடி துப்பவோ, ஸ்ட்ரோவால் இளநீர் உறிஞ்சவோ வேண்டாம். குழியில் உறைந்த இரத்தம்தான் அந்தப் புண்ணுக்கு மருந்து, அது கழன்றுவிடக் கூடாது. உதடு விறைத்திருக்கும் இரண்டு முதல் நாலு மணித்தியாலம்வரை சூடான தேத்தண்ணியும் வேண்டாம், சுட்டாலும் கடித்தாலும் தெரியாது. அடுத்த நாளிலிருந்து உப்புத் தண்ணீர். பால் கொடுக்கக் குனிந்தால் கொடுப்பு விண்விண் என்று இடிக்கும், ஆகவே தலையணைகளை அடுக்கிப் பிள்ளையை நெஞ்சுக்கு உயர்த்தி வைத்துக்கொண்டு நிமிர்ந்திருந்து கொடுங்கள். நாலு மாதப் பிள்ளை கையைச் சும்மா வைத்திருக்காது, கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்கும். முதல் இரண்டு நாளும் வலது கன்னத்தைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் கிரந்தி என்று கத்தரிக்காய், தக்காளி, இறால், நண்டு எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். பல்லுக் குழிக்கும் கிரந்திக்கும் தொடர்பில்லை. நண்டை நானும் வேண்டாம் என்பேன், அது கடித்து உடைக்க வேண்டும் என்பதற்காக. ஏற்கனவே பத்தியம் காத்துக் களைத்த உடம்பு, பாலும் சுரக்க வேண்டும், மூன்று நாள் வெறுங்கஞ்சியோடு கிடக்காதீர்கள். பால் கஞ்சி, குழையவிட்ட சோறும் பருப்பும், முள் எடுத்த மீன், முட்டை, தயிர், உழுத்தங்களி எல்லாம் சாப்பிடலாம். கிளினிக்கில் தரும் திரிபோஷவை உருண்டையாகப் பிடித்துச் சாப்பிட்டால் மா போய்க் குழியில் அடையும், கஞ்சியாகக் காய்ச்சிக் குடியுங்கள்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும், பயப்பட வேண்டாம், பிறகு வற்றும். நோவு மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையாமல் கூடிக்கொண்டு போய், காதுப் பக்கம் இழுத்து, வாயும் நாறினால் குழி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்துப் பல் கிளினிக்கிலேயே கழுவி மருந்து வைப்பார்கள், யாழ்ப்பாணம் ஓடத் தேவையில்லை. ஆனால் விழுங்க முடியாமல் எச்சில் வடிந்தால், தாடைக்குக் கீழே கழுத்து இறுகி வீங்கினால், மூச்செடுக்கக் கஷ்டமாக இருந்தால், நிற்காமல் இரத்தம் வந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990 க்கு எடுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பல் எடுக்க முன்னர், இப்போதைய வீக்கத்துக்கும் இதே கதைதான்.

பேணி விஷயத்தில் ஒன்று. கடையில் வாங்கும் சாதாரணப் பால்மாவை எந்தக் காரணத்துக்காகவும் நாலு மாதப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கக் கூடாது. மாமி கேட்காவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். எழுத்தில் நான் சொல்வதைவிட மிஸ் முற்றத்தில் நின்று சொல்வது அவவுக்கு ஏறும்.

இடது பக்கப் பல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விறைப்பூசியில் என்றால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வேண்டாம். இரண்டு கொடுப்பும் நொந்தால் சாப்பிட ஒரு பக்கமும் மிஞ்சாது, பால் கொடுக்கிற தாய்க்கு அது சரிவராது. இடது பக்கம் இதுவரை ஒரு நாளும் வீங்கவில்லை, சூத்தையும் இல்லை என்றால் அது பாட்டில் இருக்கட்டும், நன்றாகத் தீட்டிக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் காட்டினால் போதும். முழு மயக்கம் கொடுக்கத் தீர்மானித்தால் மட்டும், இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு தரம் மயங்கத் தேவையில்லாமல் போகும். கடிதத்தோடு ஆஸ்பத்திரியில் எடுத்த முழுத்தாடைப் படத்தையும் மறக்காமல் கொண்டு போங்கள். இரண்டு பக்கமும் அதில் இருக்கும், அதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.